வெள்ளைக் கோட்டின் ஓரம்

அந்தத் தையல் கூடத்தில் வீட்டில் வைத்த பெயருக்கு வேலை இல்லை. அது சம்பளத்தாளில் மட்டும் இருந்தது. காலர் வைப்பவள் காலர். பை வைப்பவள் பாக்கெட். பட்டன் துளை போடுபவள் பட்டன் அக்கா. எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அந்த அக்கா. வரிசையின் கடைசி மிஷினில், சுவரை ஒட்டி உட்கார்ந்து, கீழ் விளிம்பை மடித்து அடிப்பவள் ஓரம். அங்கே தைப்பது ஒரே சரக்கு, மருத்துவமனைகளுக்குப் போகும் வெள்ளைக் கோட்டு. வெட்டிய துணியாகப் புறப்படுவது கைமாறிக் கைமாறி ஓரத்திடம் வரும்போது கோட்டாகியிருக்கும். அவள் மடித்து அடித்து நூலை வெட்டினால் முடிந்தது.

வேலையை வைத்து வந்த பெயர்தான் என்றாலும் அளவெடுத்துத் தைத்தது போல அவளுக்கு இருந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சபையில் கடைசி பெஞ்சில் கடைசி ஆளாக உட்காருவாள். யாராவது வந்தால் இல்லாத இடத்திலும் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள். ஒருமுறை பேருந்தில் ஒருவர் தன் தகரப் பெட்டியை அவள் கால்மேல் இறக்கி வைத்துவிட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, போயிற்று. அவர் இறங்குகிற இடம்வரை நின்றுகொண்டே போனாள். வீட்டுக்கு வந்து, வீங்கிய விரலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தபோது கணவர் விஷயத்தைக் கேட்டார். வெகுநேரம் சிரித்தார்.

"வாயைத் திறந்து 'கால்'னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவே?"

"அவரு பாவம், அந்தக் கூட்டத்துல எங்க வெப்பாரு."

"சரி, அதுல என்னதான் இருந்துச்சாம்?"

அவள் யோசித்தாள். "கனமா இருந்துச்சு" என்றாள்.

கணவர் குழாய் வேலை செய்பவர். போகிற வீடுகளிலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். கடைசி வரியை அவள் குரலிலேயே சொல்வார். கேலிதான். ஆனால் சொல்லும்போது அவர் முகம் குழைந்துவிடும். கேட்டவர்களுக்கு, பார்த்தே இராத அந்தப் பெண்மீது ஒரு பிரியம் வந்தது.

வெள்ளைத் துணி தைக்கிற இடத்தில் எல்லோருக்கும் பயம் ரத்தத்தைப் பற்றித்தான். ஊசி யாரையும் விட்டுவைக்காது. விரல் நுனியில் துளி வந்ததை ஆள் கவனிப்பதற்குள் துணி கவனித்துவிடும். அதற்கு அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய ரத்தமோ அவர்தான் வந்து எடுக்கவேண்டும். நூலைச் சின்னப் பந்தாகச் சுருட்டி, தன் எச்சிலில் நனைத்து, கறைமேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் போய்விடும். அடுத்தவர் எச்சிலுக்கு அசையாது. இது எவ்வளவு தூரம் உண்மை என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, சந்தேகப்பட்டதும் இல்லை. தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் சிவப்புப் புள்ளி தென்பட்டால், கூடத்தை மேற்பார்க்கும் மாஸ்டர் கோட்டைத் தூக்கிப் பிடித்து, "யார் ரத்தம்? வந்து எடுங்க" என்பார். அதில் கோபம் இருக்காது. மழை விட்டபிறகு, யார் குடை இது என்று கேட்பது போலக் கேட்பார். உரியவள் எழுந்து போய், பக்கத்தில் நிற்பவர்களின் கிண்டலைக் கேட்டுக்கொண்டே எடுத்துவிட்டு வருவாள்.

ஓரத்துக்கு ஊசி ஏறுவது அபூர்வம். அவளுடைய ரத்தம் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

மாதத்துக்கு ஒருமுறை வந்து போகவேண்டியது, வந்துவிட்டுப் போக மறுத்தது. முதலில் சில நாள் கூடுதல். அப்புறம் நின்றது போல நின்று, மறுபடி. நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அடர்ந்த நிறத்தில் மட்டும் உடுத்தத் தொடங்கினாள். மிஷின் ஸ்டூலில் பழைய துணியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றாள். கணவர் எழுவதற்கு முன்பே துவைத்து முடித்துவிடுவாள். உறவுக்காரர் வீடுகளில் தங்குவது நின்றது. கூடத்தின் படி ஏறி முடித்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஏதோ வேடிக்கை பார்ப்பவள் போல மூச்சு வாங்கிக்கொள்வாள். கட்டிக்கொடுத்த மகள் தொலைபேசியில், "குரல் ஏம்மா கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றால், "உன் போனை மாத்துடி" என்பாள்.

வைத்தியரிடம் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் அவளுடைய அம்மா. அவள் சிறுமியாக இருந்தபோது அம்மாவுக்கும் இப்படித்தான் வந்தது. மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டார். வளையங்கள் கம்பியில் உரசிக்கொண்டு ஓடுகிற சத்தம். அந்தத் திரைக்கு அப்புறம் அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. சித்தி வீட்டில் வளர்ந்தாள். சித்தி கெட்டவள் இல்லை. வீடு சின்னது, பிள்ளைகள் நிறைய. "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்ற வார்த்தை எந்நேரமும் அங்கே புழங்கியது. தள்ளித் தள்ளி உட்கார்ந்தே பெரியவளானாள். பிறகு வந்து சேர்ந்ததோ வெள்ளைக் கோட்டு தைக்கும் இடத்தில். ஆள் உள்ளே இல்லாத கோட்டு அவளைப் பயமுறுத்தவில்லை.

புதன்கிழமைகளில் சாப்பாட்டு நேரத்தில் துணிக் கட்டுகளுக்கு நடுவே பட்டன் அக்கா ஜெபம் நடத்துவாள். விருப்பம் உள்ளவர்கள் வந்து உட்காரலாம். பாக்கெட் விருப்பமில்லாமலும் வந்து உட்காருவாள், அங்கேதான் மின்விசிறி. ஒரு புதன்கிழமை பட்டன் அக்கா வேதத்தில் வரும் பெரும்பாடுள்ள, ரத்தப்போக்கு நிற்காத பெண்ணின் கதையைச் சொன்னாள்.

"பன்னிரண்டு வருஷம். வைத்தியர் மாத்தி வைத்தியர். இருந்ததெல்லாம் போச்சு, உடம்பு இன்னும் மோசமாச்சு. தீட்டுன்னு யாரும் பக்கத்துல சேர்க்க மாட்டாங்க. கடைசியில என்ன பண்ணா? இயேசு போற வழியில, கூட்டத்துக்குள்ள, யாருக்கும் தெரியாம பின்னாடி வந்தா. அவரைத் தொட வேணாம், துணியோட ஓரத்தைத் தொட்டாப் போதும்னு நம்பினா. தொட்டா. நின்னுடுச்சு."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"ஓரத்தைத் தொட்டா சரியாயிடுமா?" என்றாள் பாக்கெட். "அப்ப நமக்கு என்ன குறைச்சல், சொந்தமாவே ஒண்ணு வெச்சிருக்கோம்." ஓரத்தின் தோளைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலர் வந்து தொட்டாள். சிரித்துக்கொண்டே வரிசையாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஓரமும் சிரித்தாள். ஆனால் அவளுக்குக் காது அடைத்திருந்தது. தன் உள்ளாடையை யாரோ எடுத்துச் சபை நடுவில் காட்டியது போல இருந்தது முதலில். கொஞ்ச நேரம் கழித்து, தன்னிடம் மட்டும் சொல்லப்பட்டது போலவும் இருந்தது.

வீட்டுக்குப் போய் வேதத்தில் அந்த இடத்தை எடுத்துப் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பவள் இல்லை என்றாலும் மெதுவாகத்தான் படிப்பாள். ரத்தம் நின்றது என்று வருகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவாள். மணி அடித்த இடம் அதுதான். கதை அவளுக்கு அங்கே முடிந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் தொட்டு, யாருக்கும் தெரியாமல் குணமாகிப் போன ஒரு பெண். இத்தனை வருஷத்தில் தன் சாயலில் ஒருத்தியை வேதத்தில் அவள் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு கோட்டும் முடிந்து நூலை வெட்டியதும், விளிம்பின் முடிவை இரண்டு விரலால் ஒரு கணம் பிடிப்பாள். மனசுக்குள் 'தொட்டேன்' என்பாள். அடுத்த கோட்டு. தொட்டேன். பார்த்தவர்கள் தையலைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தார்கள். எத்தனை மருத்துவமனைகளுக்கு அந்தக் கோட்டுகள் போயிருக்கும். ரத்தம் நிற்கவில்லை. தன் நம்பிக்கையில்தான் எங்கேயோ தையல் விட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கணவர் வீட்டுக் கூடத்தில் பழைய குழாய்த் திருகுகளைப் பரப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சபைக்கு வருவார், தூங்குவார். படிக்கிற வழக்கம் இல்லை. யாராவது படித்தால் கேட்கப் பிடிக்கும்.

"என்னத்தை முணுமுணுக்கறே. எனக்கும் சேர்த்துப் படி."

படித்தாள். வழக்கமான இடத்தில் நிறுத்தி மூடினாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"எப்படி அவ்ளோதான்? பின்னாலேருந்து யாரோ துணியை இழுத்திருக்காங்க. அவரு திரும்பிப் பாக்காம போயிட்டாரா?"

வேறு வழியில்லாமல் மீண்டும் திறந்தாள். இயேசு நின்றார். என்னைத் தொட்டது யார் என்று கேட்டார். கூட இருந்தவர்கள், இவ்வளவு கூட்டம் நெருக்குகிறது, இதில் யார் தொட்டார்கள் என்று எப்படிச் சொல்வது என்றார்கள். அவர் நகரவில்லை. சுற்றிலும் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து, விழுந்து, எல்லார் முன்னாலும் முழு உண்மையையும் சொன்னாள். அவர் அவளை மகளே என்று கூப்பிட்டார்.

கணவர் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"பாவம்" என்றார். "அவளே பயந்து பயந்து வந்திருக்கா. நோவும் போயிடுச்சு. பேசாம விட்டிருக்கலாம்ல. எதுக்கு அவளை அத்தனை பேருக்கு நடுவுல நிறுத்தணும்?"

"எனக்கும் அதுதான் புரியல" என்றாள் அவள். அவருடைய பேச்சில் அவள் முழுமனதோடு ஒத்துப்போன மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. பெரிய சரக்கு ஒன்று மாலைக்குள் கிளம்பவேண்டும். வண்டி கீழே வந்து நின்றுவிட்டது. வெள்ளைத் துணி தரையில் படக்கூடாது என்பது அங்கே முதல் விதி. பாதித் தையலில் எழுந்து போகிறவர்கள் கையிலிருக்கும் கோட்டைத் தங்கள் ஸ்டூல்மேல் போட்டுவிட்டுப் போகவேண்டும். ஓரத்துக்குத் திடீரென்று கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது. எழுந்தபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காகச் செய்த வேலையைக் கை அதன்பாட்டுக்குச் செய்தது: கோட்டை ஸ்டூல்மேல் போட்டது. ஸ்டூலில் மடித்துக் கிடந்த பழைய துணியைக் கை யோசிக்கவில்லை.

திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். விளிம்பை மட்டுமே பார்க்கிற கண் அவளுடையது. மீதியை அடித்து நூலை வெட்டி, இரண்டு விரலால் பிடித்து, தொட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

செக்கிங் மேசையிலிருந்த அம்மாள் கோட்டை உள்புறமாகத் திருப்பினாள். மாஸ்டரைக் கூப்பிட்டாள். மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்தார். பின்பக்கத்தில், கோட்டின் பெரிய பட்டனைவிடப் பெரிதாக ஒரு கறை.

"யார் ரத்தம்? வந்து எடுங்க."

அந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் தங்கள் விரல்களைப் பார்ப்பார்கள். ஓரமும் பார்த்தாள். பத்து விரலும் சுத்தமாக இருந்தன. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

காலருக்குக் காலையில் ஊசி ஏறியிருந்தது. விரலில் துணி சுற்றியிருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், இன்னும் வேலையை நிரந்தரமாக்கவில்லை. கறை வைத்த கோட்டு திரும்பி வந்தால் அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"என்னோடதா இருக்கும் மாஸ்டர்" என்று எழுந்து போனாள். நூலைச் சுருட்டி நாக்கில் நனைத்து ஒற்றினாள்.

"தாராளமா விடுடி" என்றாள் பாக்கெட். "வாயில பேச்சு மட்டும்தான் ஊறுமா?"

சிரிப்பு எழுந்தது. காலர் ஒற்றிக்கொண்டே இருந்தாள். நூலை மாற்றினாள். மறுபடி. கறையின் விளிம்புகூட நகரவில்லை. சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"அவ ரத்தம் இல்ல இது" என்றாள் செக்கிங் அம்மாள்.

"அப்ப யாரு?" என்றார் மாஸ்டர். "வண்டி நிக்குது. சொன்னா எடுத்துட்டு அனுப்பிடலாம். இல்லன்னா இவ மேலதான் போகும்."

காலர் கோட்டைப் பிடித்தபடி நின்றாள். வாய் துடுக்கான பெண், அவள் உதடு நெளிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கோபப்படவில்லை. அவர் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எடுக்கத் தெரிந்தவர் வந்து எடுக்கவேண்டும், அதற்காகத்தான் கேட்கிறார். வேறு ஒன்றும் இல்லை. பின்னால் வந்து தொடுவதில் தான் நன்றாகத் தேறிவிட்டதாக ஓரத்துக்குத் தோன்றியது. இவ்வளவு நாளும் அதைத்தான் பழகியிருந்தாள். இனி இருப்பது, வேதத்தில் அவள் மூடி மூடி வைத்த பக்கம்.

"என்னோடது" என்றாள்.

அடுத்த வரிசை மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார் காதிலும் விழவில்லை. ஒருமுறை சொன்னதே உயிர் போய் வந்தது போலிருக்க, இரண்டாம் முறையும் சொல்லவேண்டியிருந்தது. எழுந்து நின்றாள்.

"என்னோடது மாஸ்டர். ஊசி ரத்தம் இல்ல."

திரும்பினார்கள். அவள் நிறுத்தியிருக்கலாம். அவ்வளவே போதும். ஆனால் வாய் திறந்த பிறகு மூடவில்லை. எப்போது தொடங்கியது, எப்படி நிற்கவில்லை, இருட்டில் துவைத்தது, படியில் மூச்சு வாங்குவது, ஸ்டூலில் துணி எதற்கு, இடுப்பு வலி என்றது பொய், அம்மா, பச்சைத் திரை, வளையங்களின் சத்தம். கோர்வையாக இல்லை. முன்னது பின்னும் பின்னது முன்னுமாகச் சொன்னாள். அடுத்த வரிசை மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "காலர், போய்ப் பச்சைத் தண்ணி கொண்டா" என்றார். "சுடுதண்ணி வேணாம். கறை பிடிச்சுக்கும்." அவருக்குப் பேசத் தெரிந்தது கறையைப் பற்றி மட்டும்தான். அதை மிகவும் மெதுவான குரலில் பேசினார்.

ஓரம் செக்கிங் மேசைக்கு வந்தாள். நூலைச் சுருட்டினாள். நாக்கு உலர்ந்து அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் எச்சில் இல்லை.

"முதல்ல குடிங்கக்கா" என்றாள் காலர். குவளையைத் தானே பிடித்தாள். "அப்பத்தான் ஊறும்."

குடித்தாள். நனைத்தாள். ஒற்றினாள். கறையின் நடுவில் ஒரு வெளுப்பு விழுந்தது. மெல்ல மெல்ல அகன்றது. யாரும் கிண்டல் செய்யவில்லை. பட்டன் அக்கா தன் புடவைமேல் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் மறையக் கட்டிவிட்டாள். கட்டிக்கொண்டே காதருகில் கேட்டாள்.

"நான் அன்னிக்குச் சொன்னதைக் கேட்டுட்டா இப்படி இருந்துட்டே?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்கக்கா. நான்தான் பாதியில எழுந்துட்டேன்."

"எல்லாரும்தான் எழுந்தோம். மணி அடிச்சுதேன்னு நானும் அத்தோட விட்டுட்டேன்." முடிச்சை இறுக்கினாள். "வைத்தியர்கிட்டப் போகாதேன்னு நான் சொல்லலடி."

"தெரியும்க்கா."

கோட்டு வண்டிக்குப் போயிற்று. மாஸ்டர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "நாளைக்கு வராதீங்க" என்றார். "போய்ப் பார்த்துட்டு வாங்க. அந்த மிஷினை யாரும் தொட மாட்டாங்க."

காலர் அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டாள். வழியில் பேருந்தில் இடம் இல்லை. காலர் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி, "இவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்று சத்தமாகச் சொன்னாள். ஓரம் தள்ளி நிற்காமல் உட்கார்ந்தாள்.

கணவர் பின்கட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது கதை கொஞ்சம் ஒழுங்காக வந்தது. அவர் திருகியைக் கீழே வைத்தார்.

"இந்த வீட்டுல துவைக்கிற தண்ணி எந்தக் குழாய் வழியாப் போகுதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "நானே போட்ட குழாய். அதுல என்ன போகுதுன்னு தெரியலையே."

"உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

"ஏன்?"

அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, துவைக்கிற கல்லின்மேல் உட்கார வைத்தார். கீழே அவள் காலருகில் உட்கார்ந்தார்.

"கனமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அந்த வரியை அவர் கேலி இல்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையசைத்தாள். அழுதாள். அவர் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவர் குரலே உடைந்தது. பாதி கழற்றின குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் ஒழுகலை நிறுத்துகிற மனிதர் அதை அப்படியே சொட்ட விட்டார்.

"அன்னிக்குக் கேட்டீங்களே" என்றாள் கொஞ்சம் கழித்து. "பேசாம விட்டிருக்கலாம்லன்னு."

"ஆமா."

"விட்டிருந்தா நல்லாயிருப்பா. ஆனா நல்லானதை யார்கிட்டப் போய்ச் சொல்லுவா? நோவு இருந்ததே யாருக்கும் தெரியாதுன்னா, போனது மட்டும் எப்படித் தெரியும். அதையும் மறைச்சுக்கிட்டே, தள்ளித் தள்ளியேதான் நின்னுட்டிருப்பா. அதான் கூப்பிட்டுட்டாரு."

அவர் யோசித்தார். "போதகர் இப்படிச் சொன்னா நான் தூங்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் போனார்கள். மருத்துவர் ஒரு இளம்பெண். மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியைப் புறங்கையால் மேலே தள்ளிக்கொண்டே பேசினாள். கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டுத் திரையில் கை வைத்தாள். இந்தத் திரை நீலம். வளையங்கள் கம்பியில் ஓடத் தொடங்கியதும் ஓரத்துக்குக் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன.

"டாக்டர்" என்றாள். "அவரும் உள்ள இருக்கட்டும்."

மருத்துவர் நின்றாள். அப்படிக் கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது. "சரி, இருக்கட்டும்" என்றாள். கணவர் உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி நின்றார். திரை மூடியது. அம்மாவை மறைத்த அப்படியொரு திரையின் உட்புறத்தை முதன்முறையாகப் பார்த்தாள். ஒரு தண்ணீர்க்குழாய், ஒரு குப்பைக்கூடை, சுவரில் ஒரு கடிகாரம். வேறு ஒன்றும் இல்லை.

"சொல்லுங்கம்மா."

மூன்றாம் தடவையாகச் சொன்னாள். மருத்துவர் குறுக்கே பேசவில்லை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. முதல்ல அதை ஏத்தணும். உள்ள கட்டி இருக்கலாம். படம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பயப்பட வேண்டியதா இல்லையான்னு பார்த்துட்டுச் சொல்றேன். எதுவா இருந்தாலும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

"நானும் மறைக்க மாட்டேன்" என்றாள் ஓரம். கணவர் இருமினார்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். கோட்டின் விளிம்பு கட்டிலின்மேல் சரிந்து ஓரத்தின் கைக்கு வந்தது. பழக்கத்தில் இரண்டு விரல் அதைப் பிடித்தது. ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் ஓட்டிப் பார்த்தாள். நீளத் தையல், மெல்லிய நூல், மடிப்பும் ஒற்றை.

"எங்க லைன்ல தெச்சது இல்ல இது" என்றாள்.

"என்னம்மா?"

"ஓரம் விட்டிருக்கு டாக்டர். ஊசி நூல் இருந்தா குடுங்க, அடிச்சுத் தர்றேன்."

மருத்துவர் குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள், அப்போதுதான் கவனிக்கிறாள். கண்ணாடி வழுக்கியது. "முதல்ல நாங்க உங்களைப் பாக்கறோம்" என்றாள். "அப்புறம் நீங்க எங்களைப் பாருங்க."

"குடுத்துடுங்க டாக்டர்" என்றார் தலைமாட்டிலிருந்து கணவர். "நேத்துலேருந்துதான் வாயைத் திறக்கறா. இனிமே அவ கேட்டா இல்லேன்னு சொல்றதா இல்ல."

மருத்துவர் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தாள். அவளுடைய கை சில்லென்று இருந்தது. ஓரம் அந்த விளிம்பை விடவில்லை. மனசுக்குள் எதுவும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டாள்.

இங்கே என்று சொன்னாள்.